சல்லடையைக் கவிழ்க்காதே

கிட்டே வாருங்கள், கண்ணுகளே. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இன்றைக்குச் சொல்லப் போவது ஒரு விளக்கு எரிந்த கதை. விளக்கு எரிவதில் என்ன அதிசயம், சுவிட்சைப் போட்டால் எரியாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்த விளக்கு எரிந்தபோது அந்த வீட்டில் ஒருவருக்கும் பேச நாக்கு எழவில்லை.

போன வாரம் விட்டுப் போனவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக ஒரு வாய் முன்கதை.

போடியில் சோலைமலையின் வீடு அவருடைய அப்பா கட்டியது. மகன் அருண்பாண்டி அந்த வீட்டின் கூடத்தைப் புதுசாக்குகிறேன் என்று இறங்கினான். சுவரெல்லாம் வெள்ளை. மேலே பொய்க்கூரை. சாம்பல் நிறத்தில் ஒரு சோபா, சுவரை அடைத்து ஒரு டிவி, ஏசி. பழைய சாமான் எல்லாம் பரணுக்கும் பின்கொட்டகைக்கும் போய்விட்டன.

சோலைமலை மலையில் இருப்பவர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஏலக்காய்த் தோட்டம். காய் உலர்த்துகிற ஸ்டோர் கட்டடத்தில் ஓர் அறை, அதில் ஒரு கட்டில், அதுதான் அவர் வாசம். போன மாதம் மழையில் நின்றபடியே தலை சுற்றிச் செடிகளுக்கு நடுவே விழுந்துவிட்டார். வேலைக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டதால் பிழைத்தார். "பகலில் தோட்டத்துக்குப் போங்க, ராத்திரி தனியா அங்கே தங்காதீங்க" என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

தலையாட்டினார். ஆனால் போடிக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் சாயங்கால ஜீப்பில் மேலே ஏறிவிடுவார். கேட்டால் கூடத்தைக் கை காட்டுவார்.

"பல்லு டாக்டர் ரூமு மாதிரி இருக்குடா. எப்ப டோக்கன் கூப்பிடுவாங்களோன்னு உக்காந்திருக்கேன்."

அவர் மனைவி சந்திரவல்லி இதைக் கேட்டுச் சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இதைப் பார்த்தவள் மருமகள் தேவி.

தேவி கரூர்ப் பெண். அவள் அப்பாவுக்குத் திரைச்சீலைத் துணி வியாபாரம். எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் சண்டை போடாமல் உட்காரும் என்பது அவளுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டிய பாடம். கூடத்தின் பழைய பச்சைச் சிமெண்டுத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட அருண்பாண்டி ஆள் வரச் சொல்லியிருந்தபோது, "தரையை மட்டும் எனக்கு விட்டுடுங்க" என்று குறுக்கே நின்றவளும் அவள்தான். அந்தச் சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அதற்குப் பிறகு பரணில் ஏறினாள். அங்கேதான் அவள் கையில் சிக்கின இரண்டு சல்லடைகள். ஏலக்காயைப் பருமன் வாரியாகத் தரம் பிரிக்கிற சல்லடைகள். வட்டமான மரச் சட்டம், அடியில் துளை போட்ட பித்தளைத் தகடு. ஒன்று பெரிய கண், ஒன்று நடுக்கண்.

"செட்டுன்னா சின்னக் கண்ணும் இருக்கணுமே, அத்தை. மூணாவது எங்கே?" என்று கேட்டாள்.

"கண்ணுல படல தாயி" என்று சொல்லிவிட்டுச் சந்திரவல்லி பேச்சை மாற்றினாள். அதோடு போன வாரம் முடிந்தது.

இனி இன்றைய கதை.

ஐப்பசி மாதம். காயை ஏலத்துக்குக் கொண்டுவரும் நாள் என்பதால் சோலைமலை இறங்கி வருகிறார். வானிலை அறிக்கையில் அடைமழை என்று சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு மேலே ஏறிவிட்டால் மழை விடும் வரை மனுஷன் தனியாக மலையில்தான். இன்று இராத்திரி அவரை இந்தக் கூரைக்குக் கீழே தூங்க வைக்க வேண்டும். சந்திரவல்லிக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

காலையிலேயே ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பாம். சாயங்காலம்தான் வரும்.

அந்த அரை இருட்டில் சந்திரவல்லி கொட்டகைக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தாள். தொங்கு தராசு வந்தது. மர ரேடியோ வந்தது. வெண்கலப் பானை, பழைய குடை, கொம்பு உடைந்த மான் தலை எல்லாம் வந்தன. வெற்றிலைச் செல்லத்தோடு ஓர் எச்சில் படிக்கமும் வந்து சோபாவின் பக்கத்தில் உட்கார்ந்தது.

தேவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அத்தை, என்னங்க இது?"

"பழசு வேணும்னு நீதான ஆத்தா சொன்ன? அந்த மனுசனுக்குப் பழசு எதுவோ அதெல்லாம் கொண்டாந்துட்டேன்."

"எல்லாத்தையும் கொண்டாந்து அடைச்சா கூடம் பரணாயிடுங்க அத்தை. பழசு ஒண்ணு வைக்கணும். அது மூச்சு விட பக்கத்துல கொஞ்சம் சும்மா இடம் விடணும். அப்புறம் புதுசு ஒண்ணு. அப்பத்தான் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துப் பேசும்."

"சோபாவும் தராசும் பேசுமாக்கும்?"

"பேசும். படிக்கம் பேசாது. அதைக் கொண்டுபோயி வச்சிடலாம்."

சந்திரவல்லி படிக்கத்தை எடுத்துக்கொண்டாள். ஆனால் மான் தலைக்காகக் கொஞ்ச நேரம் வாதாடினாள். தோற்றாள். கடைசியில் மிஞ்சியது மர ரேடியோவும், புதுப் பிரம்பு பின்னிய மாமனாரின் சாய்வு நாற்காலியும்தான். நாற்காலியைச் சோபாவுக்கு எதிரே ஜன்னல் ஓரமாய்த் திருப்பிப் போட்டாள் தேவி. ரேடியோவை டிவிக்குக் கீழே வைத்தாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கறுத்த தேக்கு நாற்காலி வந்து உட்கார்ந்ததும் சாம்பல் சோபா கூடக் கொஞ்சம் மரியாதையாய் நிற்கிற மாதிரி இருந்தது.

"சரி அத்தை, இப்ப மேலே பாருங்க" என்றாள் தேவி. ஸ்டூலில் ஏறி, பொய்க்கூரையிலிருந்து தொங்கிய இரண்டு பொட்டலங்களின் செய்தித்தாளைப் பிரித்தாள்.

மெல்லிய கறுப்புச் சங்கிலியில் பித்தளை மின்னிக்கொண்டு இரண்டு சல்லடைகள். நேற்றுத்தான் எலக்ட்ரீஷியன் மாட்டிவிட்டுப் போயிருந்தான். டெஸ்டர் வைத்துப் பார்த்ததோடு சரி. முதல் சுவிட்சை மாமா கையால் போட வேண்டும் என்று தேவி எரியவிடவில்லை. மூன்றாவதுக்கும் ஒரு கொக்கி போட்டு வைத்திருந்தாள். அது வெறுமனே தொங்கியது.

சந்திரவல்லி அண்ணாந்து பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ தாயி! கவுத்துப் போட்டுட்டியே!"

"பல்பு கண்ணைக் குத்தக் கூடாதுன்னு கவுத்து மாட்டினேன், அத்தை. வெளிச்சம் மேலே போயி கூரையில புள்ளி புள்ளியா..."

"எறக்கு! மொதல்ல எறக்கு!"

"என்ன ஆச்சுங்க?"

"ஏலக்காக்காரன் வீட்டுல சல்லடையைக் கவுக்க மாட்டாங்க ஆத்தா. தோட்டத்தை வித்துட்டு, இனிமே காயே வேணாம்னு போறான் பாரு, அவன் கடைசியாச் செய்யிற சோலி அது. சல்லடையைக் கவுத்து வச்சிட்டு, கதவைப் பூட்டிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிருவான். இதை அந்த மனுசன் பார்த்தாருன்னா? தோட்டத்தைத் தலை முழுகச் சொல்லிப் பொண்டாட்டியும் மகனும் சேர்ந்து சாடை காட்டுறாங்கன்னு நெனைப்பாரு. அப்புறம் இந்த வாசப்படியை மிதிப்பாரா?"

தேவிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லது செய்யப் போய் என்ன காரியம் செய்தோம் என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கரூரில் சல்லடை என்றால் மாவு சலிப்பது. அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

அருண்பாண்டி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அழாத. எலக்ட்ரீஷியனுக்குப் போனு போட்டா கரண்டு வந்த பெறகுதான் வருவானாம். நானே திருப்புறேன்."

"உனக்குத் தெரியுமாடா அப்பு?" என்றாள் அம்மா.

"கரண்டே இல்லையேம்மா. ஷாக் அடிக்காதுன்னு மட்டும் தெரியும்."

திருப்பினான். ஆனால் நேராக நிமிர்த்தியதும் பல்பு சல்லடைக்குள் உட்கார மறுத்தது. வயர் நீளம் போதவில்லை. கடைசியில் பல்பைக் கூரையை ஒட்டி மேலேயே விட்டுவிட்டு, சங்கிலியை நீட்டிச் சல்லடையைக் கீழே தாழ்த்தித் தொங்கவிட்டான். பல்பு ஓரிடம், சல்லடை ஓரிடம். பார்க்க ஒன்றும் நன்றாயில்லை.

"உறி மாதிரி இருக்கு" என்றாள் தேவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"தயிர்ச் சட்டி வச்சிரலாமா?" என்றான் அவன். அவள் அடிக்கக் கை ஓங்கியபோது வாசலில் ஜீப்புச் சத்தம் கேட்டது.

சோலைமலை இறங்கினார். காயை ஏலத்தில் சேர்த்துவிட்டு நேரே வருகிறார். சட்டை, துண்டு, கையில் தொங்கிய பை எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம். அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வாசம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்.

"வினோத்து, வெரசா வந்துரு. இருட்டுறதுக்குள்ள மேடு ஏறிரணும்" என்று ஜீப்புக்காரனிடம் சொல்லி அனுப்பினார். சந்திரவல்லியின் நெஞ்சில் அந்த வார்த்தை முள்ளாய்த் தைத்தது.

கூடத்துக்குள் வந்தவர் நின்றார். நாற்காலியைப் பார்த்தார். அதன் கைப்பிடியைத் தொட்டார். பிறகு தலையைத் தூக்கினார்.

"சல்லடை ஏன் தொங்குது?"

"வெளக்கு மாமா" என்றாள் தேவி மெதுவாக. "கரண்டு வந்தா எரியும்."

கிட்டே போய், தகடு கீழே இருக்கிறதா, வாய் மேலே பார்க்கிறதா என்று கண்ணால் தடவினார். சந்திரவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்" என்றார். "தோட்டத்துச் சாமான் எல்லாம் கூரையேறிருச்சு. இன்னும் என்னைத் தொங்க விடுறது ஒண்ணுதான் பாக்கி."

பையைச் சோபாவின் மேல் வைத்துவிட்டுப் போர்ட்டிகோவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். தேவி அடுக்களைக்கு ஓடிவிட்டாள்.

சாப்பிட்டார். கொஞ்சம் கண்ணயர்ந்தார். எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான். மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சந்திரவல்லி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி இருங்களேன்."

"காய் எடுப்பு நடக்குதுல்ல."

"ஆளுக எடுக்குறாங்க. அங்க உங்களுக்குன்னு யாரு இருக்கா?"

"செடி இருக்கு."

"செடி வந்து சுடுதண்ணி குடுக்குமா?"

"நொச்சு நொச்சுன்னு பேசாம இருக்கும்ல."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் பதிலுக்கு ஒன்று கொடுப்பாள். இன்று கொடுக்கவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"போன மாசம் நீங்க விழுந்த அன்னைக்குப் போனு வந்தப்போ, நான் உலையில அரிசி போட்டுக்கிட்டு இருந்தேன். கையில பாதி அரிசி. அதை எங்கே போட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. இப்பவும் ராத்திரி போனு அடிச்சா என் கை தன்னால மூடிக்கிருது."

சோலைமலை அவளைத் திரும்பிப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அப்போது பார்த்து வாசலில் ஜீப்பு வந்து ஆரன் அடித்தது.

பாவி வினோத்குமார். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் என்ன?

"அண்ணே, மேட்டுல பனி எறங்குதாம். கெளம்புவமா?"

சோலைமலை எழுந்தார். பை உள்ளே இருக்கிறது. அதை எடுக்கக் கூடத்து நிலைப்படியில் கால் வைத்தார். உள்ளே நல்ல இருட்டு.

கரண்டு வந்தது.

மாமா கையால் போட வைத்திருந்த சுவிட்சு, காலையில் பிரித்து மாட்டிய அமளியில் போட்டபடியே இருந்திருக்கிறது. ஏசி 'பீப்' என்றது. டிவியில் சிவப்புப் பொட்டு எரிந்தது. அப்புறம்...

எப்படிச் சொல்லுவேன் கண்ணுகளே.

கூரையை ஒட்டியிருந்த பல்புகளின் வெளிச்சம் இறங்கி, சல்லடைக் கண்கள் வழியாகச் சலித்து, தரையில் கொட்டிக் கிடந்தது. அத்தனை கண்ணுக்கும் அத்தனை காய். சல்லடைக்கு நேர் கீழே உருண்டையாக விழுந்த வெளிச்சம், ஓரம் போகப் போக நீண்டு, இரண்டு முனையும் கூம்பி, அசல் ஏலக்காயாகவே கிடந்தது. கீழே பழைய பச்சைத் தரை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஏறிக்கொண்டதால் நிறமும் காயின் நிறம்தான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, கூடம் நிறையக் காய் காயப் போட்டிருந்தது.

தூக்கிய காலைச் சோலைமலை கீழே வைக்கவில்லை. வைக்க இடமில்லை.

வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு செருப்பில்லாத பாதத்தைத் தரையோடு ஒட்டி, தூக்காமல், மெல்லத் தேய்த்து முன்னால் நகர்த்தினார். ஸ்டோரில் உலர்கிற காய்க்கு நடுவே நடப்பவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். காலைத் தூக்கி வைத்தால் காய் நசுங்கும். தேய்த்து நகர்ந்தால் காய் தானே விலகி வழிவிடும்.

இந்தக் காய் விலகவில்லை. அவர் பாதத்தின் மேல் ஏறிக்கொண்டது.

குனிந்து தன் காலையே பார்த்தார். வயது போன அந்த நரம்புப் பாதத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு வெளிச்சக் காய்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

பின்னாலேயே வந்த வினோத்குமார் வாசற்படியில் செருப்பை உதறினான். உள்ளே வரவில்லை. "யாத்தே..." என்றான். அப்புறம் பையை எடுக்கிறேன் என்று சுவரில் முதுகை உரசிக்கொண்டு, பல்லி மாதிரி ஓரமாகவே நகர்ந்து போனான். தன் கையால் திருப்பி மாட்டின அருண்பாண்டியும் உள்ளறை வாசலில் ஒற்றைக் காலில் நின்றான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து காபித் தட்டோடு தேவி வந்தாள். நேரே நடுக்கூடத்தில் காலை வைத்தாள்.

"மிதிக்காத!"

நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். சந்திரவல்லியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே.

தேவி விறைத்து நின்றாள். டம்ளர்கள் கலகலத்தன. அவள் குனிந்து பார்த்தாள். சேலைக் கொசுவத்தில், கையில், தட்டில், காபியின் நுரையில் கூட ஒரு காய்.

"இது... வெளிச்சம்தானேங்க?" என்றாள் திகைத்து.

அதற்குப் பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. முதலில் சிரித்தவர் சோலைமலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வினோத்குமார் சுவரோடு சாய்ந்து சிரித்தான். "எங்க புத்தியப் பாரு தாயி, வெளிச்சத்துக்கு வெலகி நடக்குறோம்" என்று சந்திரவல்லி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஆனால் பாருங்கள், சிரித்து முடித்த பிறகும் ஒருவர்கூடக் காலைத் தூக்கி நடக்கவில்லை. தேவியும்தான். காபித் தட்டைப் பிடித்தபடி, தரையோடு தேய்த்துத் தேய்த்து, முதல் தடவையாக ஏலக்காய் வீட்டு நடை நடந்து மாமனாரிடம் வந்தாள்.

"மாமா, கூரையில நட்சத்திரம் மாதிரி விழணும்னு நெனச்சேன். இது இப்படி விழும்னு எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாதே" என்றார் சோலைமலை. "பொறந்ததுலருந்து இந்தச் சல்லடையைப் பாக்குறேன். அது காயைத்தான் சலிக்கும்னு நெனச்சிருந்தேன்."

குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரையில் உள்ளங்கையை வைத்தார். வெளிச்சம் கையில் நிறைந்தது. இரண்டு சல்லடைக்கும் கீழே மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தா, இது பெரிய கண்ணு. மொதல் ரகம். அது நடுக்கண்ணு." குரல் கோவில் கருவறை முன்னால் பேசுகிற மாதிரி தணிந்திருந்தது. "எங்கப்பா சொந்தக் கையால துளை போட்ட தகடு. ஒரு கண்ணு கூடத் தப்பல பாரு."

வாசலில் வினோத்குமார் பையோடு நின்றான். மலையைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

"அண்ணே... பனி..."

"நீ கெளம்பு வினோத்து."

"நீங்க?"

சோலைமலை தலை நிமிரவில்லை.

"காய் காயப் போட்டுக் கெடக்கு. போட்டுட்டு எப்படி வர?"

சந்திரவல்லி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜீப்பு கிளம்பிப் போகிற சத்தம் தெருமுனை தாண்டும் வரை திரும்பவே இல்லை. மூடியிருந்த அவள் வலது கை மெல்ல விரிந்ததைத் தேவி மட்டும் பார்த்தாள்.

அவர் எழுந்து, தேய்த்துத் தேய்த்து நடந்து, தன் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். எதிரே சாம்பல் சோபாவில் மகனை உட்காரச் சொன்னார். "பல்லு டாக்டர் ரூமா இது?" என்று அருண்பாண்டி கேட்டான். "டாக்டர் இன்னைக்கு லீவுடா" என்றார்.

கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே. நிறைந்ததைப் பார்த்த கண் குறைந்ததையும் பார்க்கும்.

கூடத்தின் ஒரு மூலை மட்டும் இருட்டாய்க் கிடந்தது. அங்கே காய் இல்லை. மேலே வெறும் கொக்கி.

சோலைமலை அந்த மூலையையே வெகுநேரம் பார்த்தார். தேவி மாமியாரைப் பார்த்தாள். சந்திரவல்லி தரையைப் பார்த்தாள்.

"சின்னக் கண்ணு அவன்கிட்ட இருக்கு" என்றார் அவரே. "சிலமலையில. எந்தம்பி முத்துக்கிருஷ்ணன்கிட்ட. தோட்டத்தைப் பாகம் பிரிச்ச அன்னைக்கு எனக்கு ரெண்டு, அவனுக்கு ஒண்ணுன்னு சல்லடையையும் பிரிச்சோம். அதோட பேச்சும் போச்சு."

தனக்கு ஒரு சின்ன மாமனார் இருப்பதே தேவிக்கு அப்போதுதான் தெரியும்.

"வல்லி, அவன் நம்பர் எப்படிக் கெடைக்கும்?"

சந்திரவல்லி தன் செல்போனை எடுத்து, தேடி, நீட்டினாள். திரையில் 'மாவு மில்லு' என்று இருந்தது.

சோலைமலை கண்ணைச் சுருக்கிப் படித்தார். மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை வருசமா மாவு அரைக்கிற?"

"அவன் பொண்டாட்டி ரேணுகா நல்லா இருக்காளா, பிள்ளைக நல்லா இருக்கான்னு கேட்டுக்குவேன். அம்புட்டுத்தான்" என்றாள் அவள். குரலில் குற்றமும் இல்லை, பயமும் இல்லை.

அவர் விரலால் அழுத்தினார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு நாற்காலிக் கையில் வைத்தார். மணி அடித்தது. கூடத்தில் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்தார்கள்.

"மதினி?" என்றது ஓர் ஆண்குரல்.

சோலைமலை செருமினார்.

"மதினி இல்ல. நாந்தான்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். மழை அங்கே ஆரம்பித்துவிட்டது போல. தகரத்தில் விழுகிற ஓசை கேட்டது.

"கிருஷ்ணா, நம்ம அப்பாவோட சின்னக் கண்ணுச் சல்லடை உங்கிட்டத்தான இருக்கு? அதை எடுத்துக்கிட்டு நாளைக்கு வா. உனக்கு ஒண்ணு காட்டணும். சொன்னா நம்ப மாட்ட. வந்து பாரு."

மழை. மூச்சு. பிறகு அந்தக் குரல், சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி உடைந்து வந்தது.

"இருக்குண்ணே. ஆனா... அதைக் கவுத்து வச்சிட்டேன்."

சோலைமலையின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்தது. அருண்பாண்டி எழுந்துவிட்டான். சந்திரவல்லி "ஐயோ" என்றாள், சத்தம் வரவில்லை. காலை வரைக்கும் அந்த வார்த்தைக்குப் பொருள் தெரியாத தேவிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தரை நிறையக் காய் மட்டும் அசையாமல் மின்னிக்கொண்டு கிடந்தது.

மீதி அடுத்த வாரம். நீங்கள் எழுந்திருங்கள் கண்ணுகளே, பால் ஆறியிருக்கும். உங்கள் வீட்டில் பழசும் புதுசும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசட்டும். மலையேறிப் போனவர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்பட்டும். நெல் அளக்கிற படியோ, மாவு சலிக்கிற சல்லடையோ, எதுவும் உங்கள் வீட்டில் கவிழாமல் வாய் மேலே பார்த்தபடி நிறைந்தே இருக்கட்டும்.